டெலிபோனுக்கு ஒரு கொட்டாய்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் ஆமிஷ் மக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் ஸ்விட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் தனியே பிரிந்த கிறித்தவர்கள் அவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறத் தொடங்கி, இன்று சுமார் 4 லட்சம் பேராகப் பெருகியிருக்கிறார்கள். குதிரை வண்டி ஓட்டுகிறார்கள். வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்தப் பொருள் ஆகும், எது ஆகாது என்று யார் முடிவு செய்கிறார்கள்? போப் மாதிரி மேலே ஒருவர் இருக்கிறாரா?
– காவேரிப்பட்டணம் வாசகர்

மேலே யாரும் கிடையாது. 25 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை. அப்படி 2,500-க்கும் மேற்பட்ட சபைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குத் தானே முடிவெடுக்கிறது. கோயில் கட்டடம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுகிறார்கள். ஒரு ஆயர், இரண்டு போதகர்கள், ஒரு உதவிக்காரர் சபையை நடத்துகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது சீட்டுப் போட்டுத்தான். சபையார் பெயர் சொன்ன ஆண்கள் வரிசையாக உட்கார, ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் புத்தகத்துக்குள் வேத வசனம் எழுதிய சீட்டு இருக்கிறதோ அவர்தான் போதகர். சம்பளம் இல்லை, ஆயுள் முழுக்கப் பொறுப்பு உண்டு. அவரும் விடியற்காலையில் மாடு கறந்துவிட்டுத்தான் வருகிறார்.

சபையின் விதிகளுக்கு 'ஆர்ட்னுங்' என்று பெயர். நம் பக்கத்துச் சொல்லில் சொன்னால் ஊர்க்கட்டு. பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை, அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து நடக்கும். அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு ஊர்க்கட்டுக்கென்றே ஒரு கூட்டம் கூடும். ஞானஸ்நானம் பெற்ற ஆண், பெண் ஒவ்வொருவரிடமும், இந்தக் கட்டுக்குச் சம்மதமா, எல்லோருடனும் சமாதானமாக இருக்கிறாயா என்று கேட்பார்கள். மனத்தாங்கல் பெரிதாக இருந்தால் திருவிருந்தையே தள்ளி வைப்பார்கள். பொருளைப் பற்றிய சண்டையைத் தீர்க்காமல் பந்தியில் உட்கார முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

புதுப் பொருள் ஒன்று ஊருக்குள் வந்த அன்றே தடை போடுவதில்லை. யாராவது ஒருவர் வாங்கிப் பயன்படுத்துவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல ஆண்டுகள் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அது வழக்கமாகிவிட்டது என்று பொருள். முணுமுணுப்பு கிளம்பினால் போதகர் வீட்டுக்குப் போய்ப் பேசுவார், அக்கம்பக்கத்து ஆயர்கள் கலந்து பேசுவார்கள், பிறகு கூட்டத்துக்கு வரும். அங்கே பார்ப்பது பொருளின் வயதை அல்ல. அது வீட்டு ஆட்களைச் சாப்பாட்டு மேசையிலிருந்து வெளியே இழுக்குமா, பக்கத்து வீட்டுக்காரரின் கை நமக்குத் தேவையில்லை என்று ஆக்குமா, ஒருவரை மற்றவர் முன்னால் பெரிய மனிதராகக் காட்டுமா, வெளியுலகத்தோடு நேராக ஒரு கம்பியால் கட்டிப்போடுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

சபைக்குச் சபை முடிவு மாறுவதும் இதனால்தான். ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியில் பலர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் சைக்கிள் ஆகாது. காலால் உந்தும் ஸ்கூட்டர்தான். ஸ்வார்ட்சென்ட்ரூபர் என்ற மிகக் கட்டுப்பாடான பிரிவினர், மெதுவாகப் போகும் வண்டிக்கு மாட்டும் ஆரஞ்சு முக்கோணத்தைக்கூட பகட்டு நிறம் என்று மறுக்கிறார்கள். இது போன்ற மறுப்பு மினசோட்டாவில் வழக்காகி, வெள்ளி நிறப் பிரதிபலிப்பு நாடாவும் எரியும் சிவப்பு விளக்கும் போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1990-இல் ஏற்றுக்கொண்டது.

கார் வாங்க மாட்டார்களாம், ஆனால் வாடகைக் காரில் ஏறுவார்களாம். இது ஊரை ஏமாற்றுவது இல்லையா?
– ஊத்தங்கரை வாசகர்

இல்லை. வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் வேறு வேறு என்பது அவர்கள் ஆழமாக யோசித்து எடுத்த முடிவு. வாசலில் வண்டி நின்றால் காரணமில்லாமலும் சாவியை எடுப்போம். வெளியாள் ஓட்டுநரைக் கூப்பிட்டு, மைலுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்க வேண்டியிருந்தால், போகத்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசிப்போம். பக்கத்து வீட்டிலும் யாராவது வருகிறார்களா என்று கேட்போம். குதிரை வண்டி மணிக்கு 12, 15 கிலோமீட்டர்தான் போகும். ஆகவே உறவு, சபை, கடை எல்லாம் அந்தச் சுற்றுக்குள்ளேயே இருக்கும். 1927-இல் பிரிந்த பீச்சி ஆமிஷ் பிரிவினர் காரை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் இன்று பழைய ஆமிஷ்களிடமிருந்து வெகுதூரம் விலகிய தனிப் பிரிவு.

கோயிலுக்கு வேன் பேசி ஊரே சேர்ந்து போவதையும் வீட்டுக்கு இரண்டு பைக் நிற்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் பெட்ரோல்தான் எரிகிறது, ஆனால் ஊர் ஒன்றாக இருப்பது ஒன்றில்தான்.

டிராக்டர் கூடாது, வைக்கோல் கட்டும் இயந்திரம் மட்டும் ஆகுமா? காரணம் புரியவில்லை.
– பாலக்கோடு, தக்காளி விவசாயி

டிராக்டர் அவர்களிடமும் இருக்கிறது. களத்துமேட்டில் நிற்கும். பெல்ட் மாட்டிக் கதிரடிக்கவும், தீவனம் வெட்டி, சைலோ என்ற உயரமான தீவனக் கிடங்குக்குள் ஊதி ஏற்றவும் பயன்படும். அதற்கு முன்பு அந்த வேலைகளை நீராவி எஞ்சின் செய்தது, ஆகவே நின்ற இடத்து எஞ்சின் அவர்களுக்குப் புதிதல்ல. வயலுக்குள் இறங்கினால்தான் ஆபத்து என்று பார்த்தார்கள். வயல் டிராக்டர் வந்தால் கூடுதல் நிலம் கேட்கும், கடன் கேட்கும், பக்கத்து வீட்டு ஆள் தேவைப்பட மாட்டார், ரப்பர் டயர் போட்டால் சந்தைக்கும் ஓடும். வயலில் டிராக்டரை ஏற்றுக்கொண்ட சில சபைகள்கூட இரும்புச் சக்கரம்தான் வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. இரும்புச் சக்கரத்தில் தார்ச்சாலையில் போனால் உடம்பு உதறும், எனவே அது காராக மாறாது.

வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் அவர்கள் செய்த வேலை அழகானது. வழக்கமாக அதன் முடிச்சுப் போடும் கை, அழுத்தும் பிஸ்டன் எல்லாம் டிராக்டரின் பின்பக்கத் தண்டிலிருந்து சக்தி எடுக்கும். இவர்கள் இயந்திரத்தின் மேலேயே தனி எஞ்சினை ஏற்றி, முன்னால் கோவேறு கழுதைகளைப் பூட்டினார்கள். கழுதைகள் எடையை மட்டும் இழுக்கும், எஞ்சின் கட்டும். மழைக்கு முன் புல்லை வீடு சேர்க்க முடிந்தது, கழுதையும் வயலை விட்டுப் போகவில்லை. தானாக ஓடும் கதிர் அறுவடை இயந்திரத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்த இயந்திரத் தகராறில் 1966-இல் லங்காஸ்டரில் சில குடும்பங்கள் பிரிந்தே போயின. ஊர்க்கட்டு நோகாமல் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் சங்கத்துப் பாலைக் குளிரூட்டும் நிலையத்துக்கு அனுப்புகிறோம். கரண்ட் இல்லாமல் அவர்கள் பாலை எப்படிக் கெடாமல் வைக்கிறார்கள்?
– காரிமங்கலம், பால் உற்பத்தியாளர் சங்க உறுப்பினர்

முன்பு கேனில் ஊற்றிக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் பால் நிறுவனங்கள், பண்ணையிலேயே குளிரூட்டும் எஃகுத் தொட்டி இருந்தால்தான் வாங்குவோம் என்றன. மின்சாரக் கலக்கியும் ஞாயிற்றுக்கிழமைக் கொள்முதலும் நிபந்தனைகள். லங்காஸ்டர் ஆயர்கள் நிறுவனங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தொட்டியை ஏற்றார்கள். குளிர்பதனக் கம்ப்ரசரை டீசல் எஞ்சின் சுற்றும், கலக்கியை 12 வோல்ட் பேட்டரி சுற்றும், அந்தப் பேட்டரிக்கு அதே எஞ்சினில் பூட்டிய ஜெனரேட்டர் சார்ஜ் ஏற்றும். ஞாயிறு பால் லாரி வரக்கூடாது என்பதில் மட்டும் இறங்கி வரவில்லை. நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன.

கலக்கி எதற்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலக்காவிட்டால் ஆடை மேலே திரண்டு, எடுக்கும் மாதிரியில் கொழுப்பு அளவு தப்பாக வரும். தொட்டிச் சுவரை ஒட்டிய பால் உறைந்துபோக, நடுப் பால் சூடு குறையாமல் நிற்கும். ஞாயிறு விடுமுறைக்கும் ஒரு விலை உண்டு. 40 மாடு, மாட்டுக்கு நாளுக்கு 25 லிட்டர் என்று கணக்குப் போட்டால் தினம் 1,000 லிட்டர். லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் 2,000 லிட்டர் தொட்டி போதும். சனி காலை எடுத்தபின் திங்கள் வரை தாங்கவும் அதே அளவு போதும். ஆனால் அந்தத் திங்கள் லாரி தாமதமானால் மிச்ச இடம் இல்லை. ஆகவே கொள்ளளவில் கால் பங்காவது கூடுதலாகக் கணக்கிடுவதே புத்திசாலித்தனம்.

கறவை இயந்திரத்துக்கு லங்காஸ்டரில் அனுமதி உண்டு. கறந்த பாலைக் குழாய் வழியாக நேரே தொட்டிக்கு அனுப்பும் அமைப்புக்கு இல்லை. பாலை ஆள்தான் தூக்கிப்போய் ஊற்ற வேண்டும். இரண்டு கை தூக்குகிற அளவுக்கு மேல் மாடு பெருகாது; எனவே ஒரு பண்ணை பக்கத்துப் பண்ணையை விழுங்காது.

மின்சாரம் எடுக்காமலே மரவேலைப் பட்டறை நடத்துகிறார்கள், காற்றில் ரம்பம் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தொழிற்சாலையிலும் காற்றழுத்தத்தில் ஓடும் நியூமேட்டிக் டூல் இருக்கிறது. ஆனால் ஒரு பட்டறை முழுவதையும் அதில் ஓட்டினால் கட்டுப்படியாகுமா?
– ஓசூர், ஃபிட்டர்

பொது மின்கம்பியை லங்காஸ்டர் சபைகள் 1920 வாக்கிலேயே விலக்கின. பேட்டரிக்குத் தடையில்லை. கம்பி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதன் பின்னால் எது வரும் என்று யாரும் கட்டுப்படுத்த முடியாது என்பது அவர்கள் கணிப்பு. ரேடியோவும் தொலைக்காட்சியும் அப்போது வீடுகளுக்கு வரவே இல்லை என்பதை நினைத்தால் அந்தக் கணிப்பு வியப்பாக இருக்கிறது. பிறகு நிலம் போதாமல் பலர் பட்டறைத் தொழிலுக்கு மாறியபோது, காற்றையும் எண்ணெயையும் அழுத்தி வேலை வாங்கும் முறையைக் கையில் எடுத்தார்கள்.

தனிக் கொட்டகையில் டீசல் எஞ்சின், பெல்ட்டில் கம்ப்ரசர், பெரிய சேமிப்புத் தொட்டி, அங்கிருந்து பட்டறைக்குக் குழாய். கடையில் வாங்கிய இயந்திரத்தின் மின்மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் காற்று மோட்டாரைப் பூட்டுகிறார்கள். துளைப்பான், தேய்ப்பான், தையல் இயந்திரம் எல்லாம் இப்படி ஓடும். பெரிய பலகை ரம்பம், இழைப்பு இயந்திரம் போன்றவற்றுக்கு அழுத்திய எண்ணெய் அல்லது தரைக்கடியில் ஓடும் நீண்ட தண்டும் பெல்ட்டும்.

கட்டுப்படியாகுமா என்றால், சக்தி வீணாவது கொஞ்சநஞ்சமல்ல. கருவியில் 1 குதிரைத்திறன் கிடைக்க கம்ப்ரசரில் 7, 8 குதிரைத்திறன் போட வேண்டும். மிச்சத்தில் பெரும்பகுதி காற்றை அழுத்தும்போது வெப்பமாகப் போகிறது. 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 25 கன அடி காற்றைக் குடிக்கும். அதாவது 6 குதிரைத்திறன் சும்மா கசிகிறது. பட்டறையை மூடியபின், தொட்டியிலிருந்து குழாய்க்குப் போகும் வால்வைத் திறந்தே வைத்து, அரை மணி நேரத்தில் அழுத்த மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும்.

அடுத்த எதிரி தண்ணீர். அழுத்திய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராகும். குழாயை 100 அடிக்கு ஓரடி, இரண்டடி சரிவாகப் போட்டு, கடைசியில் வடிகால் வால்வு வையுங்கள். கருவிக்குப் போகும் கிளையைக் குழாயின் மேல் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் தண்ணீர் நேரே கருவிக்குள் போகும். தொட்டியின் அடி வால்வைத் தினமும் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துரு தின்றுவிடும். காற்று மோட்டாருக்குள் சுழலும் தகடுகளுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் சொட்டும் லூப்ரிகேட்டர் காய்ந்தால் தகடு ஒட்டிக்கொண்டு திறன் படுத்துவிடும்.

பிவிசி குழாயை மட்டும் காற்றுக்குப் போடாதீர்கள். தண்ணீர்க் குழாய் வெடித்தால் தண்ணீர் பீய்ச்சும். காற்றடைத்த பிவிசி வெடித்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும்.

நம் மாவட்டங்களில் காற்றின் வேலை புதிதல்ல. பாறைக்குள் ஆழமாகப் போட்ட போர்வெல்லில் கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுப்பதும் இதே கணக்குத்தான். சிறு குழாயில் போகும் காற்று பெரிய குழாயின் அடியில் குமிழ் விட்டுத் தண்ணீரை லேசாக்கி மேலே தள்ளுகிறது. குழாயின் பாதியாவது நீருக்குள் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காக ஏறும். கோடையில் மட்டம் இறங்கியதும் விட்டு விட்டுத் துப்புவது அதனால்தான். மணல் வந்தாலும் உள்ளே கெடுவதற்கு ஒன்றுமில்லை என்பதற்காக டீசல் செலவையும் கரண்ட் செலவையும் பொறுத்துக்கொள்கிறோம். ஆமிஷ் பட்டறைக்காரர் பொறுத்துக்கொள்வது வேறொன்றுக்காக: காற்றுக் குழாயில் தொலைக்காட்சி ஓடாது. உங்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் கிடைக்கிறது என்றால் பட்டறை முழுவதையும் காற்றுக்கு மாற்றுவதில் அர்த்தமில்லை. ஈரமும் பொறியும் ஆபத்தாகும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் விஷயத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? எங்கள் ஊரில் பிள்ளைகள் கையை விட்டு இறக்குவதே இல்லை. ஊர் கூடித் தடை போட்டால் என்ன?
– அரூர், மகளிர் சுயஉதவிக் குழு

முதலில் டெலிபோன் கதை. 1910 வாக்கில் லங்காஸ்டரில் சில ஆமிஷ் வீடுகளில் டெலிபோன் இருந்தது. ஒரே கம்பியில் பல வீடுகள். ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்டு, புறணி வளர்ந்து, சபைக்குள் சண்டை வந்தது. வீட்டிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். சில குடும்பங்கள் மறுத்துப் பிரிந்தன. ஆனால் டாக்டரையும் தீயணைப்பு வண்டியையும் கூப்பிட ஒரு வழி வேண்டுமே. 1930-களில் சில குடும்பங்கள் சேர்ந்து பாதையோரத்தில் ஒரு சின்னக் கொட்டாய் போட்டு அதற்குள் டெலிபோனை வைத்தன. நாம் போய்ப் பேசலாம், அது நம்மைக் கூப்பிட்டுச் சாப்பாட்டிலிருந்து எழுப்ப முடியாது. அந்தக் கொட்டாய் இன்றும் பல பண்ணைகளின் ஓரத்தில் நிற்கிறது.

செல்போன் அவர்களையும் திணறடிக்கிறது. கொட்டாயைச் சட்டைப்பையில் போட முடியாது, செல்போனைப் போடலாம். சில சபைகள் வியாபாரத்துக்கு மட்டும், இணையம் இல்லாததை மட்டும் பொறுத்துக்கொள்கின்றன. சில முற்றிலும் மறுக்கின்றன. 16 வயதைத் தாண்டி இன்னும் ஞானஸ்நானம் பெறாத இளைஞர்கள் பலர் கையில் அது இருக்கிறது. கட்டு அவர்களை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஊர் கூடித் தடை போடும் யோசனையை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட தடை கடைசியில் பெண் பிள்ளைகளின் கையிலிருந்து மட்டும் போனைப் பறிப்பதில் போய் முடியும். ஆமிஷ் கட்டு ஆயரையும் கட்டுகிறது, வயது வந்தபின் தானே சம்மதித்தவரைத்தான் கட்டுகிறது. உங்கள் குழுவில் எடுத்துக்கொள்ளத் தகுந்தது இடம் குறிக்கும் வழி. குழுவில் சம்மதிக்கிற வீடுகள் மட்டும் சேருங்கள். இரவு 8 மணிக்கு மேல் போன் எல்லாம் மாடத்தில் இருக்கும், சார்ஜரும் அங்கேதான் இருக்கும் என்று வையுங்கள். அப்பா, அம்மா போனும் அங்கேதான். படுக்கும் அறைக்குச் சார்ஜர் போனால் விதி ஒரே வாரத்தில் உடையும். அவசர அழைப்புக்கு ஒலி மட்டும் திறந்திருக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஒரு தேதி இப்போதே குறித்து, அன்று பிள்ளைகளையும் உட்காரவைத்து, தொடரலாமா மாற்றலாமா என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பரீட்சை நேரத்துப் பாடக் காணொளி போன்ற விலக்குகளை அவர்களே சொல்வார்கள்.

எட்டாம் வகுப்போடு நிறுத்துகிறார்களாமே. நம் பிள்ளைகளுக்கும் அது போதுமென்று இங்கே சிலர் சொல்லத் தொடங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– பென்னாகரம், ஆசிரியை

உங்கள் பயம் நியாயமானது. விஸ்கான்சின் மாநிலத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-இல் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அப்போதே நீதிபதி டக்ளஸ், பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்று மாறுபட்டு எழுதினார். எங்கள் கருத்தும் அதுதான். எட்டாம் வகுப்பு முடித்த ஆமிஷ் பையனுக்கு அப்பாவின் பண்ணையோ மாமாவின் பட்டறையோ காத்திருக்கிறது. சபை முழுதும் பின்னால் நிற்கிறது. அப்போதும் விலகிப் போக நினைப்பவனுக்கு அந்தப் படிப்பு கை கொடுப்பதில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிறகு விலகினால் சொந்த வீட்டுப் பந்தியிலேயே தனியாக உட்கார வேண்டிவரும். இங்கே எட்டாம் வகுப்போடு நிற்கும் பெண்ணுக்குக் காத்திருப்பது பெரும்பாலும் சீக்கிரக் கல்யாணம். இதைப் பின்பற்ற ஒன்றுமில்லை.

மருத்துவமனைக்காவது போவார்களா?
– பர்கூர் வாசகர்

போவார்கள். மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் தடையில்லை. சில நூறு முன்னோர்களிடமிருந்து பெருகிய சமூகம் என்பதால் சில பரம்பரை நோய்கள் அவர்களிடம் அதிகம். அவற்றுக்கென்றே 1989-இல் டாக்டர் ஹோம்ஸ் மார்ட்டன் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க்கில் குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பிறந்த சில நாளில் சிறுநீர் இனிப்பு வாடை அடிக்கும் ஒரு நோய் உண்டு; ஆமிஷ்களைப் போலவே பழைய முறையில் வாழும் மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரிடம் அது அதிகம். உடனே இரத்தம் சோதித்து, சில புரதக்கூறுகள் குறைந்த தனிப் பாலைத் தொடங்கினால் மூளை தப்பும். சில நாள் தாமதித்தாலே கெடும். மரபணுச் சோதனைக் கருவியைக் குதிரை வண்டிக்காரர்கள் தயங்காமல் ஏற்றார்கள். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் உள்ள நம் மாவட்டங்களிலும் பிறந்த குழந்தையின் குதிகால் இரத்தச் சோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

சோலார்?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பல சபைகளில் ஆகும். கூரையில் தகடு, கீழே பேட்டரி, எல்இடி விளக்கு. கம்பி வெளியே போகாதவரை சிக்கல் இல்லை.

சமையலறையில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் உண்டா?
– மத்தூர், இல்லத்தரசி

ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும். அடியில் எரியும் சிறு சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்க, அந்தச் சுழற்சியில் உள்ளே குளிர்கிறது. மோட்டாரே இல்லை. தரை மட்டமாக இருக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் கரைசல் ஓட்டம் நின்று குளிர் போய்விடும். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னரில் கரி ஏறிவிட்டது என்று பொருள், உடனே துடைக்க வேண்டும். புகை வெளியேற வழியும் இருக்க வேண்டும். மிக்ஸியைக் காற்று மோட்டாரில் ஓட்டும் வீடுகள் உண்டு, சத்தம் அதிகம். துணி துவைக்க, இரண்டு ரப்பர் உருளைக்கு நடுவே துணியைப் பிழியும் பழைய வகை இயந்திரம். திங்கட்கிழமை துவைக்கும் நாள். கொடிக் கயிறு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து உயரமான கம்பம் வரை கப்பியில் ஓடும். நின்ற இடத்திலேயே ஒவ்வொரு துணியாக மாட்டிக் கயிற்றை இழுத்தால், வீட்டு ஆட்களின் உடுப்பெல்லாம் வரிசையாக வெயிலுக்கு ஏறிப் போகும்.